கூரா, மழுங்கலா

தண்டுவடம் அடிபட்டவரின் உடம்பில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கண்டறிய இரண்டு பொருள் போதும்: நுனியைப் பிரித்துவிட்ட பஞ்சு, ஒரு ஊக்கு. எலும்பு எங்கே நொறுங்கியது, தண்டுவடம் எங்கே நசுங்கியது என்று ஸ்கேன் படம் காட்டும். அந்த இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை போய்ச் சேருகிறதா, கீழேயிருந்து உணர்வு மேலே ஏறுகிறதா என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அந்தத் தொடுதலைத்தான் நான் தொழிலாகக் கற்றுக்கொண்டேன். ஸ்டெம் செல்லைத் தண்டுவடத்துக்குள் வைத்து, முடங்கியவரை எழுப்ப முயலும் பெரிய ஆய்வுகளும் கடைசியில் இந்தப் பஞ்சையும் ஊக்கையும் நம்பித்தான் இருக்கின்றன. அது தெரிந்த பிறகு இந்த வேலையின் மேல் எனக்கிருந்த மரியாதை பல மடங்கு கூடிவிட்டது.

என் ஊர் ராயப்பன்பட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், சண்முகா நதி அணை, பனிமய மாதா கோயில், ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் சனம் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. உழைப்பு எப்படியோ, விபத்தும் அப்படித்தான். தேங்காய் வெட்ட ஏறி விழுந்தவர், கிணற்று மேட்டிலிருந்து சறுக்கியவர், மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அடிபட்டவர், குமுளி ரோட்டில் பைக்கோடு தூக்கி எறியப்பட்டவர். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி, ஆபரேஷன், பிறகு வீடு. வீட்டில் ஒரு கட்டில். கட்டிலைச் சுற்றி நிற்பவர்களிடம் எப்போதும் ஒரே கேள்வி: “ஸ்டெம் செல் வச்சா எந்திரிச்சு நடந்துருவாங்களாமே, நெசமா பாப்பா?”

பிசியோதெரபி படித்து முடித்த கையோடு ஊருக்கு வந்த என்னிடம்தான் இதை அதிகம் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் ஒரு தகுதி வேண்டும். அந்தத் தகுதியைத் தேடித்தான் வேலூருக்குப் போனேன்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அதன் பின்னால் இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்; பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் பாகாயத்தில் நிலையம் திறக்கப்பட்டது. டெல்லியின் இந்திய முதுகுத்தண்டுக் காய மையத்தை நிறுவிய மேஜர் அலுவாலியா 1965 மே மாதம் எவரெஸ்ட் ஏறியவர்; அதே ஆண்டுப் போரில் குண்டடிபட்டு வீல்சேருக்கு வந்தவர். நம் பக்கத்துத் தென்காசி ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இந்த நாட்டில் தண்டுவடக் காயத்துக்கு அடைக்கலம் கட்டிய இந்த மூவருமே அந்தக் காயத்தைத் தாங்கியவர்கள். இதை முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னவர், எனக்குத் தொழில் கற்றுத்தந்த சீனியர் அக்கா. “நம்ம வேலையோட தரத்தை முடிவு பண்றது பேஷன்ட்தாம்மா. அதை மறந்துடாத” என்பார்.

பரிசோதனை முறை உலகம் முழுக்க ஒன்றுதான். உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 புள்ளிகள். தண்டுவடத்தின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் கிளம்பும் நரம்பு தோலில் எந்தப் பட்டையை ஆள்கிறதோ, அந்தப் பட்டைக்கு ஒரு புள்ளி. கட்டைவிரல் கழுத்தின் ஆறாம் நரம்பு, நடுவிரல் ஏழு, சுண்டுவிரல் எட்டு. மார்புக்காம்பு மட்டம் நெஞ்சின் நான்காம் நரம்பு, தொப்புள் பத்தாவது. முழங்காலின் உட்பக்கம் இடுப்பின் மூன்றாவது. குதிகாலின் வெளிப்பக்கம் திருவெலும்பின் முதலாவது. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துவிடலாம். ஒல்லியானவர், பருத்தவர், வயிறு தளர்ந்த முதியவர் என்று ஆளுக்கு ஆள் மாறும் உடம்பில், எலும்பைத் தடவிப் பார்த்து அந்தப் புள்ளியில் சரியாக விரல் வைப்பதற்குத்தான் காலம் பிடிக்கும்.

முதலில் பஞ்சு. நோயாளி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கன்னத்தில் ஒருமுறை தொட்டு, “இதுதான் முழு உணர்வு, மனசில வச்சுக்கோங்க” என்று சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியாக இறங்க வேண்டும். கன்னத்தில் இருந்தது போலவே இருந்தால் 2. குறைந்தோ, கூடியோ, வேறு மாதிரியோ இருந்தால் 1. ஒன்றுமே இல்லாவிட்டால் 0. பஞ்சை அழுத்தக் கூடாது. இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. ஒரே தாளத்தில் தொட்டால், நோயாளி தாளத்தைப் பிடித்துக்கொண்டு தொடாத போதும் “ம்” என்பார். அதனால் இடையில் விட்டுவிட்டுத் தொட வேண்டும், சில நேரம் தொடாமலே கேட்க வேண்டும்.

அடுத்தது ஊக்கு. ஆளுக்கு ஒரு புது ஊக்கு, முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். ஊக்கின் ஒரு முனை கூர், மறுமுனை வளைந்த மழுங்கல். தோலில் ரத்தம் வராத அளவுக்குத்தான் தொட வேண்டும். இதில் அக்கா கண்டிப்பானவர். “‘குத்துதா?’ன்னு கேக்கவே கேக்காத. குத்தணும்னு அவருக்கு ஆசை, நமக்கும் ஆசை. ‘கூரா, மழுங்கலா?’ன்னு கேளு” என்றார். தொடுவது தெரிந்தும் கூருக்கும் மழுங்கலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் புள்ளிக்கு ஊக்குக் கணக்கில் சுழிதான். சந்தேகம் வந்தால் பத்து முறை மாற்றி மாற்றித் தொட்டு, எட்டு முறையாவது சரியாகச் சொல்கிறாரா என்று பார்ப்போம். ஆறு சரியாக வந்து நோயாளியின் முகம் மலரும்போது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே 0 என்று எழுதக் கை பழக வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குக் கடினமாக இருந்த பாடம் அதுதான்.

பிறகு தசை. பக்கத்துக்குப் பத்துத் தசைகள், ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் ஐந்து வரை மதிப்பெண். அசைவே இல்லாமல், விரலுக்கடியில் ஒரு துடிப்பு மட்டும் தட்டுப்பட்டால் 1. புவியீர்ப்பை எதிர்த்து முழுவதும் தூக்கினால் 3. நம் கை கொடுக்கும் எதிர்ப்பையும் இயல்பாகத் தாங்கினால் 5. இழந்த வேலையை வேறு வழியில் செய்து முடிக்க உடம்பு தானாகவே தேடிக்கொண்டிருக்கும். முழங்கையை நீட்டும் தசை செத்திருந்தாலும், சிலர் தோளை வெளிப்பக்கம் சுழற்றுவார்கள். முன்னங்கை தன் எடையால் கீழே விழும். பார்ப்பவருக்கு முழங்கை நீண்டதாகத் தெரியும். அதனால் ஒரு கையால் தோளை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை அந்தத் தசையின் மேலேயே வைத்திருக்க வேண்டும். கண் பார்த்ததை விரல் ஒத்துக்கொண்டால்தான் மதிப்பெண்.

கால்களில் இன்னொரு சிக்கல். தண்டுவடம் மூளையிடமிருந்து துண்டிக்கப்பட்டாலும் காயத்துக்குக் கீழே இருக்கும் பகுதி உயிரோடுதான் இருக்கிறது. அது தன் போக்கில் தசையை வெட்டி இழுக்கும். போர்வை உரசினால் முட்டி மடங்கும், பாதத்தைத் தொட்டால் கால் உதறும். எனவே தொடையின் மேல் விரலை வைத்து, “முட்டியை நீட்டப் பாருங்க” என்று சொல்லிப் பார்த்துவிட்டு, “இப்ப ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா இருங்க” என்றும் சொல்லிப் பார்க்க வேண்டும். சொன்னபோது வந்து, விடச் சொன்னபோது விட்டால்தான் அது அவருடைய அசைவு.

கடைசிப் பரிசோதனை ஆசனவாயில். தண்டுவடத்தின் கடைக்கோடி நரம்புகள் அங்கேதான் முடிகின்றன. அங்கே தொடு உணர்வோ, உள்ளே விரல் அழுத்தும் உணர்வோ, நினைத்தபோது சுருக்கும் சக்தியோ சிறிதாவது இருந்தால் காயம் முழுமையானதல்ல; ஒன்றும் இல்லையென்றால் முழுமையான காயம். கூச்சம் கருதி இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் செய்ததற்குப் பொருள் இல்லை. திரையை இழுத்து மூடி, ஏன் செய்கிறோம் என்று விளக்கி, சம்மதம் கேட்டு டாக்டர் செய்வார், நான் எழுதுவேன். அதன் பிறகுதான் ஏ (A) முதல் ஈ (E) வரை ஓர் ஆங்கில எழுத்து விழும். ஏ என்றால் முழுமையான காயம். ஈ என்றால் எல்லாம் இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். உலகத்தின் எந்த ஸ்டெம் செல் ஆய்வு அறிக்கையிலும் “ஏ-யிலிருந்து சி-க்கு முன்னேறினார்” என்று படித்தால், யாரோ ஒருவர் இப்படிப் பஞ்சும் ஊக்குமாக நின்று அதை எழுதியிருக்கிறார்.

பாகாயம் வளாகத்திலேயே 2005 முதல் ஸ்டெம் செல் ஆய்வு மையமும் இயங்குகிறது. ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது மூலச் செல்கள், எலும்பு மஜ்ஜையில் இருக்கின்றன. அவற்றை மாற்றிவைத்து ரத்த நோய்களைக் குணப்படுத்துவது இன்று நிலைபெற்ற வைத்தியம். தண்டுவடத்தின் கதை வேறு. எங்கள் ஊர்த் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்தால் வெட்டிய கணுவிலிருந்து தளிர் விடும். கை கால்களில் ஓடும் நரம்பும் ஓரளவு அப்படித்தான், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளர்ந்துவிடும். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்தத் துளிர்ப்பு இல்லை. அடிபட்ட இடத்தில் வீக்கமும் அழற்சியும் கூடி, தப்பிப் பிழைத்த செல்களையும் கொல்கின்றன. பிறகு தழும்பு படர்கிறது. நரம்பிழையைச் சுற்றியிருந்த கொழுப்புறை உரிந்து, மிஞ்சிய இழைகளாலும் கட்டளையைக் கடத்த முடியாமல் போகிறது. புதிதாக வைக்கும் செல், உறையை மீண்டும் போர்த்தலாம். அறுந்த இடத்துக்கு நடுவே புது நரம்புச் செல்லாக நின்று சேதியைக் கைமாற்றலாம். அல்லது சுரப்புகளை வெளியிட்டு மற்ற செல்களைக் காக்கலாம். ஆய்வாளர்கள் நம்பிக்கை வைத்திருப்பது இந்த மூன்று வழிகளில்தான்.

அமெரிக்காவில் ஜெரான் நிறுவனம் 2010-இல் கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்து உண்டாக்கிய செல்களை முதல்முறையாக ஒரு தண்டுவட நோயாளிக்குள் வைத்தது. அடுத்த ஆண்டே பணக் காரணம் சொல்லி நிறுத்திவிட்டது. ஜப்பானின் யமானாகா 2006-இல் எலியின் தோல் செல்லையே கருநிலைக்குத் திருப்பிக் காட்டி, 2012-இல் நோபல் பெற்றார். அந்த வழியில் உருவாக்கிய நரம்பு மூலச் செல்களை, டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தார் 2021 டிசம்பரில் முதல்முறையாக ஒரு நோயாளியின் தண்டுவடத்தில் வைத்தார்கள். மொத்தம் 4 பேர், ஆளுக்கு 20 லட்சம் செல்கள், அடிபட்ட 14 முதல் 28 நாளுக்குள். 2025 மார்ச்சில் முடிவு வந்தது. ஒருவர் தாங்கல் இல்லாமல் எழுந்து நின்றார், இன்னொருவருக்குக் கை கால்களில் ஓரளவு அசைவு திரும்பியது, மற்ற இருவருக்குக் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை.

இந்தச் செய்தி வந்தபோது என் கைபேசிக்கு ஊரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. அக்காவிடம் போனேன். “சந்தோஷப்படு. ஆனா கணக்கையும் பாரு” என்றார். முதல் பரிசோதனையில் ‘ஏ’ என்று எழுதப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, எந்த செல்லும் வைக்காமலே ஓராண்டுக்குள் ‘பி’யோ ‘சி’யோ வந்துவிடுகிறது. தானாக வரும் மீட்சியில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில்தான் நடக்கிறது. நான்கே பேரில் இருவர் தேறினால், அதில் செல்லின் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதைப் பிரிக்கவே செல் பெறாத ஒரு குழு தேவைப்படுகிறது. யாருக்கு வைத்தார்கள், யாருக்கு வைக்கவில்லை என்று தெரியாத ஒருவர் வந்து அளக்க வேண்டியிருக்கிறது. நான் கற்றுக்கொண்டது அந்த ஒருவரின் வேலையை.

நம் நாட்டிலேயே அப்படி நேர்மையாக அளந்த முன்மாதிரிகள் உண்டு. டெல்லியின் இந்திய முதுகுத்தண்டுக் காய மையம், பழைய காயம் கொண்ட 5 பேருக்கு அவரவர் மூக்கின் உட்திசுவை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்துப் பார்த்தது. செய்யக்கூடிய சிகிச்சைதான், ஆனால் பலன் இருப்பதாக நிறுவ முடியவில்லை என்று 2009-இல் எழுதி வெளியிட்டது. மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டுப் பக்கவாதம் வந்தவர்களை வைத்து ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 120 பேரில் ஒரு பாதிக்கு அவர்களுடைய எலும்பு மஜ்ஜைச் செல்கள் ஏற்றப்பட்டன. அளந்தவர்களுக்கு யார் எந்தப் பாதி என்று தெரியாது. இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இல்லை என்று 2014-இல் அறிவித்தார்கள். பலனில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன இந்த இரண்டு அறிக்கைகளும் எத்தனை குடும்பங்களின் நிலபுலனைக் காப்பாற்றியிருக்கும்! அவற்றுக்குப் பின்னால் இருந்தவர்களை நான் என் தொழிலின் பெரியவர்களாக நினைக்கிறேன்.

ஆபத்தும் உண்டு. போர்ச்சுகலில் மூக்குத் திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு முடக்கம் தீரவில்லை. எட்டாண்டு கழித்து முதுகில் வலி வந்து திறந்து பார்த்தபோது, மூக்குச் சளியைப் போன்றதைச் சுரக்கும் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். வைத்த செல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நான் பரிசோதித்தவர்களில் ஒருவர், எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன். தென்னை மரத்திலிருந்து விழுந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வெளியூரில் ஒரு இடத்தில் பல லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். தோப்பை விற்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மதினி என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: “ராத்திரியெல்லாம் காலு தானா ஒதறுது பாப்பா. உசிரு வருதுல்ல?”

அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, கன்னத்திலிருந்து தொடங்கினேன். தொப்புள் வரை ஒவ்வொரு புள்ளிக்கும் தெளிவாகப் பதில் வந்தது. அதற்குக் கீழே பஞ்சுக்கும் பதில் இல்லை, ஊக்குக்கும் இல்லை. தொடையில் விரலை வைத்து நீட்டச் சொன்னேன், ஒன்றும் இல்லை. பாதத்தைத் தொட்டதும் கால் மடங்கியது. மதினியின் கையை எடுத்து அந்தத் தொடையின் மேல் வைத்து, அண்ணனிடம் அசைக்கச் சொன்னேன், பிறகு சும்மா இருக்கச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்பதை மதினியின் விரலே சொல்லிவிட்டது. மதுரையில் கொடுத்த காகிதங்களிலும் முழுமையான காயம் என்றே இருந்தது. “கால் ஒதறுறது தண்டுவடம் தானா பண்றது மதினி. அண்ணன் பண்றதில்ல” என்றேன். அவர் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஸ்டெம் செல் பற்றி எனக்குத் தெரிந்ததை இருவரிடமும் சொன்னேன். 2017-இல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்கள் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. ஆய்வு என்றால் அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் இருக்க வேண்டும். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. “பதிவு எண்ணைக் கேளுங்க அண்ணே. லட்சக்கணக்குல பணம் கேட்டா, அது ஆய்வு இல்லை” என்றேன். அவர்கள் கேட்டார்கள், எண் வரவில்லை. தோப்பு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

அன்றைக்கு நான் அதிக நேரம் செலவிட்டது வேறு வேலைக்கு. அண்ணனைப் புரட்டி, வால் எலும்பு, இடுப்புப் பக்கம், குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன். உணர்வில்லாத தோல் வலியைச் சொல்லாது; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் படுக்கைப்புண். நிரந்தரமாக டியூப் போட்டுவைப்பதற்குப் பதில், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூபால் அவரே சிறுநீரை வடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, வேலூர் டாக்டரிடம் அனுப்பிப் பழக ஏற்பாடு செய்தேன். அடிபட்ட பதினான்காம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரை என்பது கெயோ ஆய்வின் கணக்கு. எங்கள் பள்ளத்தாக்கில் பலருக்கு முதல் படுக்கைப்புண் வருவதும் அந்த நாட்களில்தான். புண்ணும் சிறுநீர்த் தொற்றும் இருக்கும் உடம்பைப் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள். நாளைக்கு நல்ல சிகிச்சை வந்தாலும், அதைப் பெற ஆரோக்கியமான தோலும் சிறுநீரகமும் வேண்டும். அதற்கான வேலை க.விலக்கிலும் மதுரையிலும் வீட்டுக் கட்டிலிலும் இன்றைக்கே நடக்க வேண்டியது.

செல் ஒருநாள் வேலை செய்யும் என்றுதான் நான் நம்புகிறேன். இத்தனை நாடுகளில் இத்தனை பேர் உழைப்பது வீண் போகாது. அந்த நாள் வரும்போது, தேனி மாவட்டத்திலேயே சரியாகத் தொட்டு, கிடைத்த பதிலை அப்படியே எழுதத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். அதனால் இப்போது பிசியோ படித்துவிட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பரிசோதனையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். முடங்கியவர் எழுந்து நடந்தார் என்று எந்த நாட்டிலிருந்து செய்தி வந்தாலும், அவர்கள் அதைப் படித்துவிட்டு மூன்று விஷயம் கேட்கப் பழகியிருக்கிறார்கள்: எத்தனை பேருக்கு வைத்தார்கள், வைக்காத யாரோடு ஒப்பிட்டார்கள், அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வருகிற அன்று, ராயப்பன்பட்டியில் வீடு வீடாகப் போய் அந்தச் செய்தியை நானே சொல்வேன்.